சாமி முன்னால் கால் ஆடக் கூடாதாம்!

போன வருஷம் சித்திரையில், காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கோயில் திருவிழாவின்போது நடந்தது இது. ரிஷப வாகனப் புறப்பாடு. பட்டுக் கடைக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் மண்டகப்படிக்காகச் சாமி நின்றுகொண்டிருந்தது. வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்த நேரம். வாகனத்தைத் தூக்குகிற முன் தண்டில் வலது பக்கம் நின்றிருந்த என் நண்பன், ஒரு சத்தமும் போடாமல், அடியில் வெட்டுப்பட்ட வாழைமரம் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தான். தெருவே "ஐயையோ" என்று அலறியது. எனக்கோ அந்த நொடியில் வேறொன்று பளிச்சென்று தோன்றியது. மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் இவன் காலில் தேங்கிவிட்டது, காலைத் தூக்கினால் எழுந்துவிடுவான்!

யோசிக்கவேயில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் பிடித்து மேலே தூக்கினேன். தூக்கினேனோ இல்லையோ, முதுகில் ஓர் அடி விழுந்தது.

"டேய், சாமிக்கு எதிர்ல காலைத் தூக்கிக் காட்டறியே, அறிவு இருக்குதா உனக்கு?"

என்னை இழுத்து ஓரமாகத் தள்ளினார்கள். அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். கண் திறக்கப் போனவனுக்கு மறுபடியும் செருகிக்கொண்டது. "படுக்க வையுங்க, படுக்க வையுங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்துகிறேன். யார் கேட்கிறார்கள்? அதற்குள் வேறொரு குரல் எழும்பிவிட்டது.

"குடிச்சிட்டு வந்திருக்கான்பா!"

சொன்னவர் தர்மகர்த்தாவின் மைத்துனர். ஆறடி ஆள், உரத்த குரல். அந்த ஒரு வார்த்தை போதும் எங்கள் தெருவுக்கு. முன்வரிசையில் விழுந்த வார்த்தை கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வதற்குள் என் நண்பன் முழுக் குடிகாரனாகிவிட்டான். அவன் தெளிந்து எழுந்ததும், அத்தனை பேர் நடுவில், சாமி எதிரில், வாயைத் திறந்து ஊதச் சொன்னார்கள். ஊதினான். அவனுக்குப் பாதி நினைவுதான் இருந்தது, சொன்னதைச் செய்தான். முகர்ந்து பார்த்தவர் முகம் சுளிக்கவில்லை, அதை நானே பார்த்தேன். அதற்கும் மைத்துனரிடம் பதில் தயாராக இருந்தது.

"ஏலக்காயை மென்னுட்டு வந்திருப்பான். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா?"

வாசனை வந்தால் குடித்தவன். வராவிட்டால் ஏலக்காய் தின்று மறைத்தவன். இந்த நியாயத்தில் யார்தான் தப்பிக்க முடியும்?

அன்றைக்கே தீர்ப்பும் ஆயிற்று. அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்கச் சொல்லி, அவன் இடத்தில் அந்த மைத்துனரே போய் நின்றார். இனிமேல் தண்டைத் தொடக் கூடாது என்று தர்மகர்த்தா சொல்லிவிட்டார். அவனுடைய அப்பா தூக்கிய இடம் அது. அப்பா போன பிறகு இவன். நெசவுக்காரன் ஒருவனுக்கு ஊரில் இருக்கிற ஒரே மரியாதை அதுதான், அதுவும் வருஷத்தில் பத்து நாள். அவிழ்த்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்துபோனான். அவன் பீடி கூடத் தொடாதவன்! இருந்த ஒரே கெட்ட பழக்கம் டீயில் சர்க்கரை அதிகம் கேட்பது.

இப்போது நடந்ததைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாகனம் நிற்கும்போது தண்டுகளுக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்துவிடுவார்கள். பாரம் கட்டைமேல் இறங்கிவிடும். ஆனால் தூக்குகிறவன் நகரக் கூடாது. தோள் தண்டைத் தொட்டபடி, கை குவித்தபடி, ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். சாமி நிற்கும்போது கால் ஆடக் கூடாது என்பது எங்கள் கோயில் கட்டுப்பாடு. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்பது இன்னொன்று. தெருத்தெருவாய்ப் பாரம் சுமந்து வந்தவனை, தண்ணீர் கொடுக்காமல், வெயிலில், அசையாமல் நிறுத்தினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எனக்கே ஆகியிருக்கிறது. நான் பி.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம். சாயங்காலமானால் தேகப்பயிற்சிக் கூடத்தில்தான் கிடப்பேன். அந்தத் திருவிழாவுக்கு முந்தின தை மாதம் ஒருநாள், மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பஸ்கி எடுத்தேன். கால் நடுங்குகிற வரைக்கும் எடுத்தேன். அன்றைக்குப் பார்த்து எங்களைப் படம் பிடிக்க ஒரு போட்டோக்காரர் வந்திருந்தார். மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு "அசையாதே, அசையாதே" என்கிறார். நானும் அசையவில்லை. காதில் குய்யென்று ஒரு சத்தம். அடுத்து எனக்குத் தெரிந்தது கூரையின் ஓடு. என் கால் இரண்டும் ஒரு பெஞ்சின்மேல் இருந்தன. படத்தில் நான் நின்ற இடத்தில் ஒரு புகை மட்டும்தான் விழுந்திருந்தது. கூடத்துப் பையன்கள் அதை இன்னும் வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

எனக்கு அன்று ராத்திரி சிரிப்பு வரவில்லை, ஏன் என்ற கேள்விதான் வந்தது. கல்லூரி நூலகத்தில் உடலியல் புத்தகங்களைப் புரட்டினேன். தவளையின் கால் சவ்வை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ரத்தம் திருவிழாக் கூட்டம் மாதிரி முண்டியடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் பிரமிப்பாக இருக்கும். எனக்குப் புரிந்தது இதுதான். தசை வேலை செய்யச் செய்ய, அங்கிருக்கிற ரத்தக் குழாய்கள் வாய் அகலத் திறந்துகொள்கின்றன. நடக்கும்வரை, கெண்டைக்கால் சதை ஒவ்வொரு தடவை இறுகும்போதும் ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சட்டென்று அசையாமல் நின்றால் அந்தத் தள்ளுகிற வேலை நின்றுவிடும். குழாய்களோ திறந்த வாய் மூடாமல் இருக்கும். ரத்தம் கீழேயே தங்கும். தலைக்குப் போவது குறையும், கண் இருட்டும், ஆள் விழுவான். விழுந்தால் தலையும் காலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், தானாகத் தெளிந்துவிடும். உடம்பே தனக்குச் செய்துகொள்கிற வைத்தியம் அது. அதைத்தான் நிமிர்த்தி உட்கார வைத்துக் கெடுத்தார்கள், பாவிகள்!

எங்கள் நெசவாளர்களுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வருஷம் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். தோளும் கையும் இரும்பு மாதிரி இருக்கும். காலுக்கு மிதியை அழுத்துகிற வேலை மட்டும்தான். அப்படி உட்கார்ந்தே இருந்தவனைத் திருவிழா வந்ததும் எழுப்பி நிறுத்தி, தோளில் பாரத்தை ஏற்றுகிறோம். தோள் தாங்கும். காலில் இருக்கிற ரத்தக் குழாய் என்ன செய்யும்? அதற்கு யார் பழக்கம் கொடுத்தார்கள்? நெசவுக்காரர்களைத் தேகப்பயிற்சிக்குக் கூப்பிட்டால், "நரம்பு புடைச்சு வெடிச்சுக்கும்பா" என்று பயப்படுகிறார்கள். புடைப்பது நரம்பே இல்லை, ரத்தக் குழாய் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துப்போயிற்று.

திருவிழா முடிந்த கையோடு இத்தனையையும் எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். சாமி தூக்குகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர். யாரை எந்தத் தண்டில் நிறுத்துவது என்று சொல்கிறவர். முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "மத்தவன் எல்லாம் நின்னானே? இவன் மட்டும் ஏன் வியுந்தான்?" என்றார்.

"மத்தவங்க எல்லாம் தண்டுல சாஞ்சுக்கினு நைசா காலை மாத்தி மாத்தி வெச்சாங்க. நான் பார்த்துக்கினுதான் இருந்தேன். இவன் ஒருத்தன்தான் சொன்ன மாதிரி அசையாம நின்னான்" என்றேன்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையை மடித்தார். கட்டுப்பாட்டை மீறினவனெல்லாம் பக்தன், கடைப்பிடித்தவன் குடிகாரன்! இதை நான் சத்தமாகவே சொன்னேன். "காலேஜ் படிப்பு காலேஜோட இருக்கட்டும்பா" என்று எழுந்து போய்விட்டார். அடுத்துப் போய்ப் பார்த்த தர்மகர்த்தாவோ என்னை உட்காரவே சொல்லவில்லை. மனுஷன் நிலாவில் நடந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். எங்கள் தெருவில் ஒருத்தன் மயங்கி விழுந்தால் வாயை முகர்ந்து பார்க்கிறோம்.

நண்பன் வீட்டுக்குப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவன் தறியை விட்டு எழுந்திருப்பதில்லை. டீக்கடைப் பக்கம் போனால், "இன்னா, இன்னிக்கு டீயா, வேற எதுனாவா?" என்று கேட்கிறார்களாம். அதனால் டீயையும் விட்டுவிட்டான். அவன் மனைவி ஐயம்பேட்டைப் பெண். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிற சுபாவம்.

"ஏன் தம்பி, நான் ஒருத்தி பத்தாதா இவர் வாயை மோந்து பார்க்கிறதுக்கு? ஊருக்கே ஊதிக் காட்டிட்டு வந்திருக்காரு! நான் மோந்து பார்த்தேன், பல்பொடி வாசனைதான் வந்துச்சு. அதைப் போய்ச் சொல்லட்டுமா?"

"விடு" என்றான் அவன், தறியில் ஓடும் பாவு நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எதை விடறது? எங்கண்ணன் நேத்து வந்து, 'மாப்பிள்ளை இப்பல்லாம் எப்படி இருக்காரு'ன்னு கேக்குறான். அந்த 'இப்பல்லாம்'ன்றதுக்கு இன்னா அர்த்தம்? தம்பி, நீ படிச்சவன். இங்க வந்து ரத்தம், குழாய்னு பேசிக்கினு இருக்கிறதை அங்க போய் நாலு பேர் எதிர்ல பேசு."

பேசத்தான் செய்தேன், யாரும் காது கொடுக்கவில்லையே! சொல்லிப் புரியாவிட்டால் செய்து காட்டுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

சந்தர்ப்பம் தானாக வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த மைத்துனரே நாலு பேரோடு எங்கள் கூடத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தார். மேஸ்திரியும் கூட வந்திருந்தார். "எங்கப்பா அந்த ரத்த டாக்டரு?" என்று மைத்துனர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு, "அண்ணே, அவனைவிட நீங்க பலசாலி. இந்த மூட்டையைத் தோள்ல வெச்சு முடிஞ்சவரைக்கும் பஸ்கி எடுங்க. இறக்கினதும், சாமி முன்னால நிக்கிற மாதிரி இந்த வெயில்ல அசையாம நில்லுங்க. விழலேன்னா, நீங்க சொன்னதுதான் சரின்னு தெருவெல்லாம் நானே சொல்றேன்" என்றேன்.

"இதான் பரீட்சையா?" என்று சட்டையைக் கழற்றினார். நல்ல பலசாலி, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூட்டையோடு உட்கார்ந்து எழுந்தார், உட்கார்ந்து எழுந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் உசுப்பேற்ற உசுப்பேற்ற விடவே இல்லை. முகம் தக்காளியாகச் சிவந்த பிறகுதான் மூட்டையை இறக்கினார். கை குவித்து நின்றார். விழுந்தால் பிடிக்க இரண்டு பக்கமும் எங்கள் பையன்களை நிறுத்தியிருந்தேன்.

முதலில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு பேச்சு நின்றது. ஒரு பெரிய கொட்டாவி விட்டார். சிவந்திருந்த முகம் சாம்பல் பூசின மாதிரி ஆயிற்று. மேல் உதட்டில் வேர்வை பொடித்தது.

"ஏய்... இருட்டிக்கினு வருதுடா" என்றார். முழங்கால் மடங்கியது. பையன்கள் தாங்கிப் படுக்க வைத்தார்கள். நான் அவர் காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்தேன். இந்தத் தடவை யாரும் என் முதுகில் அடிக்கவில்லை. சிறிது நேரத்தில் முகத்தில் நிறம் வந்தது, கண்ணைத் திறந்து, "நான் ஏன் படுத்துக்கினு இருக்கேன்?" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முடிந்தது வழக்கு என்று நினைத்தேன். எத்தனை அப்பாவி நான்!

"காலையில வெறும் வயிறுபா, அதான்."

"இந்த வெயிலுக்கு யாரா இருந்தாலும் வியுவாங்க."

"ஆள் இப்படி இருந்தா கண்ணு படாதா? சாயங்காலம் சுத்திப் போடச் சொல்லு."

கூட வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லி அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நான் விடவில்லை. "என் நண்பனுக்கும் அன்னிக்கு வெறும் வயிறுதானே? அவன் நின்னதும் இதே வெயில்தானே? இவரை ஊதச் சொன்னீங்களா? இவருக்குச் சோடா, அவனுக்குக் குடிகாரப் பட்டமா?" என்று கேட்டேன். அதற்கு ஒருத்தர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அதுவும் இதுவும் ஒண்ணாயிடுமாபா?"

ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே மாதிரியான மயக்கம். தர்மகர்த்தாவின் மைத்துனருக்கு வந்தால் கண் திருஷ்டி, நெசவாளிக்கு வந்தால் சாராயம்! புத்தகத்தில் ரத்தக் குழாயைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஆளுக்குத் தகுந்தபடி அது வேலை செய்வதாக எந்தப் பக்கத்திலும் நான் படிக்கவில்லை.

எல்லாரும் போய்விட்டார்கள். மேஸ்திரி மட்டும் வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்றார். செருப்பு அவர் காலுக்கு எதிரிலேயே கிடந்தது.

"எனக்கும் கண்ணு இருட்டும்பா" என்றார் மெதுவாக. "இன்னிக்கு நேத்தா? எத்தினி வருஷமா! தண்டைக் கெட்டியாப் புடிச்சுக்குவேன். காதுல கொய்ங்குன்னும். சாமி, சாமின்னு சொல்லிக்கினே நிப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப அன்னிக்கு அவன் குடிக்கலன்னு உங்களுக்குத் தெரியும்!"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலே?"

"தொறந்து இன்னா சொல்றது? குடிக்காதவன் சாமி எதிர்ல வியுந்தான்னா, சாமி குத்தம்னுவாங்க. எங்க வகையறாவே தூக்கக் கூடாதுன்னு ஆயிடும். அவன் ஒருத்தன் குடிச்சான்னா, அவனோட போச்சு."

அவர் வயதுக்கு மரியாதை கொடுத்து நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இல்லாவிட்டால் என்ன பேசியிருப்பேனோ! எல்லாருக்கும் வருகிற மயக்கத்தை எல்லாரும் மறைத்துக்கொண்டு, மறைக்கத் தெரியாத ஒருத்தன் தலையில் பழியைக் கட்டியிருக்கிறார்கள். போகும்போது அவர் திரும்பி, "அப்ப, நிக்கிறப்போ இன்னாதான் பண்ணணும்?" என்று கேட்டார். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே தள்ளும் என்றேன். தண்ணீரும் குடிக்க வேண்டும் என்றேன். "சாமி முன்னால காலை ஆட்டறதா?" என்று முனகிக்கொண்டே போனார். ஆனால் தெருமுனையில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, குதிகாலைத் தூக்கிப் பார்த்ததை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே நண்பனைத் தறிக்குழியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வர மாட்டேன் என்றான். "போய்யா, ஊரே குடிகாரன்னு சொல்லுது, பயில்வான்னும் சொல்லட்டும்" என்று அவன் மனைவிதான் துரத்தினாள். முதலில் வெறும் பஸ்கி, பிறகு சின்ன மூட்டை, பிறகு பெரியது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, இறக்கியதும் சிலை மாதிரி நிற்கக் கூடாது என்று பழக்கினேன். தறியில் உட்கார்ந்திருக்கும்போதும் நடுநடுவே எழுந்து குதிகாலை ஏற்றி இறக்கச் சொன்னேன். முதலில் பஸ்கி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வான். கார்த்திகை வாக்கில் சுவரைப் பிடிப்பது நின்றுபோயிற்று. இப்போது மூட்டையை இறக்கிவிட்டு என்னோடு சண்டை போடுகிற அளவுக்கு நிற்கிறான். சதை வலுப்பட்டதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. உள்ளே ரத்தக் குழாயும் திறக்க வேண்டிய நேரத்தில் திறந்து, சுருங்க வேண்டிய நேரத்தில் சுருங்கப் பழகியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். பார்க்க முடியாததால் நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும்.

இதுவரைக்கும் ஒருத்தர்கூட அவனிடம் வந்து, தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தர்மகர்த்தாவின் தடையும் அப்படியே இருக்கிறது. ஆனால் எங்கள் கோயிலில் தெருமுனைக்குத் தெருமுனை தோள் மாற்றுவார்கள். அந்த இடத்தில் யார் வெளியே வருகிறார்கள், யார் உள்ளே போகிறார்கள் என்பது மேஸ்திரி கையில் இருக்கிறது. போன வாரம் அவரே கூடத்துக்கு வந்து, இவன் மூட்டை தூக்குவதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "ரெண்டாவது முனையில வந்து நில்லுங்க. நான் வேற பக்கம் பார்த்துக்கினு இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் போலிருக்கிறது.

அடுத்த மாதம் சித்திரை. ரிஷப வாகனத்தன்று அவன் முன் தண்டில் நுழையப் போகிறான், பக்கத்துத் தண்டில் நான். விடியற்காலையில் இரண்டு பேரும் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பதாக இருக்கிறோம். பட்டுக் கடைக்காரர் வீட்டு வாசலில் சாமி நிற்கும்போது, வேட்டிக்குள் மறைத்து இல்லை, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி குதிகாலைத் தூக்கி இறக்கப் போகிறோம். தடுத்தால் தடுக்கட்டும், அதட்டினால் அதட்டட்டும். விழாமல் நின்று காட்டுகிற அந்த ஒரு காலைப்பொழுதுக்காக ஒரு வருஷக் கோபத்தை நாங்கள் பயிற்சியாக மாற்றி வைத்திருக்கிறோம். இல்லாவிட்டால் அந்தக் கோபம் என்னை மட்டும்தான் தின்றிருக்கும்.